அம்மையாரை ஒருமுறை போய்ப் பார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியத்தை வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன். போன வாரம் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக உன் முகவரியைச் சரிபார்க்க ஒரு பையன் வந்தான். சொந்த வீடா, வாடகையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, செல்போன் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டுக் கொடுத்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ சொல்லும்போது சொல்.

நான் எழுத வந்தது உன் சட்டப் பேராசிரியர் அம்மையாரைப் பற்றி. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு மிகவும் தளர்ந்திருக்கிறார். "உங்கள் மகள் இலவச சட்ட உதவியில்தானே இருக்கிறாள்?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார். ஆமாம் என்றேன். இன்றைய தேதிக்கு அது உண்மைதான் என்று நினைக்கிறேன். நீ அவரை ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியர் தினத்தன்று பூப்படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கணக்கில் சேர்க்காதே.

காலமெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வக்காலத்து ஒட்டவும் நகல் மனு போடவும் வாய்தா குறிக்கவும் உனக்கு நானே கற்றுக்கொடுத்திருப்பேன். ஆனால் சிறைக்குள் இருப்பவனின் நாளை எண்ண வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பீகார் சிறைகளில் விசாரணையே முடியாமல், குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் அடைந்து கிடந்தவர்களுக்காக, பத்திரிகைச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போன 1979ஆம் ஆண்டு வழக்கை அம்மையார் வகுப்பில் பாடமாக நடத்திய அன்று, நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அதையே பேசிக்கொண்டிருந்தாய். இலவச சட்ட உதவிக்கான 39ஏ பிரிவு 1976இலேயே அரசியலமைப்பில் சேர்ந்தும், அதற்கான சட்டம் 1987இல்தான் வந்தது என்றும், அது நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 ஆனது என்றும் சொன்னாய். சட்டத்துக்கே எட்டு வருட வாய்தாவா என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

மோட்டார் வயர் திருட்டு வழக்கில் சிக்கிய அந்தப் பையனுக்காக நீ ஜாமீன் மனுப் போட்டதை நம் பழைய கோர்ட் ஆட்களிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டதால், தினக்காலண்டர் தாளில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாய். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. வரவில்லை. 61ஆம் நாள் காலை கோர்ட் கூடும்போதே உன் மனு பெஞ்ச் கிளார்க் மேசையில் இருந்தது. மதியம் வரை சோம்பியிருந்தால் அதற்குள் போலீஸார் குற்றப்பத்திரிகையைக் கொடுத்திருப்பார்கள், அந்த உரிமையும் போயிருக்கும். பையனின் தாய்க்கு இந்தக் கணக்கு இன்றுவரை தெரியாது. காசு கொடுத்து வக்கீல் வைத்தவர்களுக்கே பல சமயம் இது நடப்பதில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணம் வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பியின் கட்டணம் இருக்கிறது. உனக்கோ ஒப்பந்த வேலை, தனி வழக்கும் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் கார் வாங்கும்போது நீ மதுரையில் பஸ்ஸில் வழக்குக் கட்டுகளைச் சுமந்து போவது எனக்கும் தெரியும். எங்கே இருந்தாலும் நீ என் மகள்தான். ஆனாலும், எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் அம்மையாரைப் போய்ப் பார். அவர் உன்னைத் தடுக்கமாட்டார், அப்படிப்பட்டவர் அல்லர். வேறு யார் வாயாலோ அவருக்குத் தெரிய வரக் கூடாது, அவ்வளவுதான்.

நூலகர் ஐயாவின் காரியத்துக்கும் நீ வரவில்லை. பூட்டும் நேரம் தாண்டியும் உனக்காக விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவர். வாய்தா இருந்தது என்றாய், நம்பினேன். அம்மையார் விஷயத்தில் அப்படி ஆகிவிடக் கூடாது.

முருகன்குறிச்சி வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் போ; அதற்கு முன் மருந்து, குளியல் என்று நேரம் ஆகும். அல்வா வாங்கிப் போகாதே, அவருக்குச் சர்க்கரை. நம் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போனாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
அப்பா