கேமராவைக் கழற்றிவிட்டேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹாலில் இருந்த கேமராவை நேற்று கழற்றி, வயரைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உன் போனில் இணைப்பு இல்லை என்று காட்டியிருக்கும். பழுது ஒன்றுமில்லை, நான்தான் எடுத்தேன்.

நான் விழுந்தது, ஆஸ்பத்திரி, பிறகு நீ லீவு போட்டு வந்து வீடு முழுக்கக் கருவி மாட்டியது எல்லாம் உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு அழுகை வருகிறது, எனக்குக் கோபம் வருகிறது, இரண்டு பேரும் வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறோம். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. என் வயதில் தனியாக இருக்கிற பலர் இதைப் படிக்கிறார்கள், அவர்கள் வீட்டுச் சுவரிலும் இப்போது ஒன்று மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளையும் உன் அத்தைமாரும்கூடப் படிப்பார்கள். அதனால் சிலதைச் சொல்லாமல் விடுகிறேன். உனக்குப் புரியும்.

அந்த ராத்திரியைச் சொல்ல வேண்டும். அப்பாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். சட்டைகளை ஹாலில் தரையில் பரப்பி, யாருக்காவது கொடுக்கக்கூடியதையும் பித்தான் போனதையும் பிரித்து அடுக்கினேன். நீலக் கட்டம் போட்ட சட்டையின் பையில் அவர் கண்ணாடி துடைக்கிற துணி இருந்தது. நாலாக மடித்தபடியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். சத்தமாகத்தான் பேசினேன். அவர் இருந்தபோது கேட்காத சிலதைக் கேட்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். அப்போது சுவரிலிருந்து உன் குரல் வந்தது: "அம்மா, யார்கிட்டம்மா பேசிட்டிருக்கே?"

அக்கறையில்தான் கேட்டாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்தது. என் வீட்டில், என் புருஷனோடு பேசிக்கொண்டிருக்கும்போது. "யார்கிட்டயும் இல்லை" என்று சொல்லிவிட்டு, பிரித்த சட்டைகளை எல்லாம் ஒன்றாக அள்ளி உள்ளே திணித்தேன். அந்தத் துணி எந்தச் சட்டைக்குள் போயிற்று என்று இன்னும் கிடைக்கவில்லை.

அம்மா தனக்குத்தானே பேசுகிறாள், மறதி நோயாக இருக்குமோ என்று நீ டாக்டரிடம் கேட்டிருக்கிறாய். அடுத்த முறை போனபோது அவர் இன்றைக்கு என்ன கிழமை என்றார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று தப்பில்லாமல் கழித்தேன். அப்போது உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அம்மாவுக்கு டெக்னாலஜி என்றாலே பயம் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். வேலைக்காலம் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டின் முன்னால் உட்கார்ந்தவள் நான். வெளியூர் போன்களை, அதாவது ட்ரங்க் கால்களை, நாங்கள் கையால் இணைத்துக் கொடுத்த காலத்தில், இரண்டு பக்கமும் லைன் சேர்ந்துவிட்டதா என்று தெரிகிறவரை காது கொடுக்கலாம். பேச்சு தொடங்கியதும் போர்டில் இருக்கிற சுவிட்சைத் திருப்பிவிட்டு லைனிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். நினைத்தால் எதையும் கேட்டிருக்க முடியும். கேட்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம்.

நீ மாட்டியதில் எதை எடுத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார். பாத்ரூம் கைப்பிடிக் கம்பியை அன்றே பிடித்துப் பழகினேன். கால் கீழே வைத்ததும் தானாக எரிகிற விளக்கு, மறந்தால் அணைந்துவிடுகிற அடுப்பு, இதற்கெல்லாம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இவை எனக்கு வேலை செய்கின்றன. கேமரா உனக்கு வேலை செய்தது.

இப்போது, அழுத்தினால் உதவிக்கு ஆள் வரும் என்று நீ என் கழுத்தில் மாட்டச் சொன்ன அந்தப் பொத்தான். நான் விழுந்த அன்று அது கழுத்தில் இல்லாமல் கதவுக் கொக்கியில் தொங்கியது. அதை வைத்து நீ என்னை நிறையவே பேசிவிட்டாய். ஏன் தொங்கியது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கழுத்தில் அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அதை அழுத்தினால் உதவி மட்டும் வராது. "இனிமேல் அம்மாவைத் தனியா விடக் கூடாது" என்கிற பேச்சும் கூடவே வரும். தரையில் கிடந்தபோதும் அதைத்தான் நினைத்தேன், எப்படியாவது நானே எழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று.

நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை. கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்து, 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அழைப்புக் கருவி இருந்தும், தனியாக விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தவில்லை. அத்தனை பேரையும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

உன் பயம் பொய் என்று சொல்லவில்லை. அதிக நேரம் தரையிலேயே கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னபோது நானும்தான் நடுங்கினேன். விழுந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற கைக்கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்றாய். அது திடீரென்று மோதி விழுவதையும் பிறகு அசைவில்லாமல் இருப்பதையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. நான் சுவரோடு சுவராக மெல்லச் சரிந்து உட்கார்ந்தவள். அது கண்டுபிடித்திருக்கும் என்று நிச்சயமில்லை.

ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-லேயே வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்தினால் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் போகும். அம்மா எழுந்துவிட்டாள், நடமாடுகிறாள் என்ற அளவில் அது நின்றுவிடும். அதைப் படித்தபோது, இதைச் செய்தவர்கள் யாரோ ஒரு வயதானவரை உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் என்றால், ராத்திரி எழுந்து வந்து மூச்சு வருகிறதா என்று உன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ ராத்திரியெல்லாம் போனைப் பார்ப்பதும் அதேதான். எனக்குத் தெரியாதா? இவ்வளவு தூரத்தில் இருக்கிறோமே என்று உன்னையே நீ தின்கிறாய். அது வேண்டாம் கண்ணு. ஆனால் நீ பெரியவளான பிறகு உன் அறைக் கதவைத் தட்டாமல் நான் உள்ளே வந்ததில்லை. அதையும் நினைத்துப் பார்.

என் முடிவு இது. அறைகளில் இருக்கிற அசைவு சென்சார்கள் இருக்கட்டும். அவை உடம்புச் சூடு நகர்வதை மட்டும்தான் அறியும், படம் எடுக்காது. காலையில் நான் நடமாடவில்லை என்றால் உனக்குச் செய்தி வரட்டும். ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போனேன் என்கிற கணக்கு மட்டும் உனக்கு வேண்டாம், என் போனுக்கு வரட்டும். டாக்டரிடம் நானே காட்டிக்கொள்கிறேன். பொத்தானைக் குளிக்கும்போதும் போட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக நீ எனக்கு ஒரு வாக்குத் தர வேண்டும். நான் அழுத்துகிற நாளில் உதவி மட்டும்தான் வர வேண்டும். வீட்டைக் காலி செய்வது, உன்னோடு வந்து இருப்பது எல்லாம் நான் எழுந்து உட்கார்ந்த பிறகு, என்னையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். நான் படுக்கையில் கிடக்கும்போது நீயும் உன் அத்தைமாரும் கூடிப் பேசியதை நான் மறக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

உண்மையிலேயே எனக்கு நினைவு தப்ப ஆரம்பித்தால் கேமராவைத் திரும்ப மாட்டிக்கொள். புத்தி தெளிவாக இருக்கும்போதே சொல்லி வைக்கிறேன். சமையலறையில் மாட்டு, வாசலில் மாட்டு. படுக்கையறையில் மட்டும் வேண்டாம். பெட்டி பரண்மேல், இடது ஓரமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பொத்தானை அழுத்தினால் முதலில் யாருக்குப் போன் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ இருப்பது தூரத்தில். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. உனக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் பக்கத்து வீட்டு நம்பரைத்தான் முதலில் எழுதப்போகிறேன், உன்னுடையதை இரண்டாவதாக.

அம்மா