எந்தச் செயின், எந்த அடி?

அன்பு நண்பா,

நான் பதில் போடவில்லை என்று நம் நண்பன் 'தாடி'யிடம் நீ புலம்பியது என் காதுக்கும் வந்துவிட்டது. சரி, இதோ எழுதிவிட்டேன். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

போன வாரம் ஒரு பழைய நில அளவை வரைபடமும், அதன் அளவுகளை மீட்டருக்கு மாற்றிய அறிக்கையும் என் மேசைக்கு வந்தன. வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடு 12 செயின் 35 லிங்க். அறிக்கையில் அதற்கு நேரே 247.00 மீட்டர் என்று இருக்கிறது. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது கண்டர் செயின், 66 அடி நீள நில அளவைச் சங்கிலி. அதன் 100 கண்ணிகளில் ஒன்றுதான் லிங்க், 7.92 அங்குலம், அதாவது 0.201168 மீட்டர். அப்படிப் பார்த்தால் அந்தக் கோடு 248.44 மீட்டர் வர வேண்டும். எழுதியவர் லிங்க்குக்கு 20 சென்டிமீட்டர் போட்டுப் பெருக்கியிருக்கிறார். 20 மீட்டர் மெட்ரிக் செயினிலும் 100 லிங்க்தானே, அங்கேதான் குழப்பம். ஒரே கோட்டில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் காணாமல் போய்விட்டது. பரப்பளவுக்கு வந்தால் 100 ஏக்கரில் ஓர் ஏக்கருக்கு மேல் குறைகிறது. அத்தனையும் யாரோ ஒருவருடைய நிலம்!

நம் வகுப்பில் கண்டர் செயினை மனப்பாடம் செய்ததோடு சரி, ரசிக்கவே இல்லை. எட்மண்ட் கண்டர் 1620-இல் எவ்வளவு யோசித்திருக்கிறார் பார். அப்போது நிலத்தை அளந்தது பதினாறரை அடிக் கோலால். அதை அவர் தூக்கி எறியவில்லை. நான்கு கோல் நீளத்தை ஒரு செயின் ஆக்கி, அந்தச் செயினை 100 லிங்க்காகப் பிரித்தார். 10 செயின் ஒரு பர்லாங், 80 செயின் ஒரு மைல், 10 சதுரச் செயின் ஓர் ஏக்கர். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கில் பெருக்கி, ஒரு லட்சத்தால் வகுத்தால் ஏக்கர் வந்துவிடும், புள்ளியை நகர்த்துகிற வேலைதான். மீட்டர் முறை பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, வயல்வெளியில் நிற்கிறவனுக்குத் தசமக் கணக்கைக் கையில் கொடுத்த மனிதர் அவர்.

ஆனால் வரைபடத்தில் செயின் என்று இருந்தாலே 66 அடி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பொறியாளர் செயின் 100 அடி. அதில் ஒரு லிங்க் ஒரு முழு அடி. அயர்லாந்தில் கோலே 21 அடி, அதனால் செயின் 84 அடி. அந்த ஊர் ஏக்கர் நம் பாடப்புத்தக ஏக்கரைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். வாரா என்கிற ஸ்பானிய நீள அளவு இன்னும் மோசம். டெக்சாஸில் 1919-இல் அதை 33⅓ அங்குலம் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள், கலிபோர்னியாவில் ஏறக்குறைய 33 அங்குலம். 1000 வாரா நீளத்தில் இரண்டுக்கும் 28 அடி வித்தியாசம்.

அடியாவது ஒன்றுதானா என்றால் அதுவும் இல்லை. 1959-இல் சர்வதேச அடி 0.3048 மீட்டர் என்று முடிவான பிறகும், அமெரிக்க நில அளவையாளர்கள் 1200/3937 மீட்டர் என்ற பழைய அடியை 2022 கடைசி வரை விடவில்லை. பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வித்தியாசம், ஒரு மைலுக்கு 3 மில்லிமீட்டர் தேறும். வீட்டுமனைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்கிற ஆயத்தொலைவு 20 லட்சம் அடி என்று இருக்கிற இடத்தில் அடியை மாற்றிப் போட்டால் புள்ளி 4 அடி தள்ளிப் போய் விழும்.

எனக்கு ஆத்திரம் அந்தப் பெருக்கலில் கூட இல்லை. அந்த அறிக்கையில் மூல அளவே இல்லை! 12 செயின் 35 லிங்க் என்பதைக் கழற்றிவிட்டு வெறும் மீட்டரை மட்டும் வைத்திருக்கிறார்கள். இந்த வரைபடம் என் கையில் இல்லாவிட்டால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? மாற்றியவர் எந்தக் காரணியால் பெருக்கினார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், பின்னால் வருகிறவன் திருத்திக்கொள்வான். அப்புறம் 247.00-இல் புள்ளிக்குப் பின்னால் அந்த இரண்டு சுழியம். களத்தில் லிங்க் அளவுக்குத்தான் படித்திருக்கிறார்கள், அதற்குமேல் பத்து சென்டிமீட்டர் அங்கே இங்கே இருக்கும். செயினும் இழுத்து இழுத்து வளையங்கள் தேய்ந்து நீண்டுபோகும்; நீண்ட செயினால் அளந்தால் தூரம் குறைவாகப் பதிவாகும். அப்படி வந்த அளவுக்குச் சென்டிமீட்டர் வரை எழுதுவது எனக்குப் பொய் சொல்வதாகவே படுகிறது. 248.4 என்று நிறுத்தியிருக்கலாம்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லாக் கோடுகளையும் மூல அளவோடு மறுபடி கேட்டிருக்கிறேன். முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

நீ வகுப்பில் கொடுக்கிற பயிற்சித் தாளில் '5 லிங்க் = 1 மீட்டர்' என்று இருப்பதாகத் தாடி சொன்னான். அது மெட்ரிக் செயினுக்கு என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாயா? இல்லையென்றால் அடுத்த வகுப்புக்கு முன்னால் எழுதிவிடு. அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பு. உன் பேச்சை நம்பி நான் அரியர் வைத்ததெல்லாம் போதும், இந்த முறை கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

அன்புடன்,
உன் பின்பெஞ்ச் கூட்டாளி