மலைக்கு மேலே இருப்பது

பேர்ண், சுவிற்சர்லாந்து,
செப்டெம்பர் 14.

அன்பு மகன் தம்பிக்கு,

என் 60ஆவது பிறந்தநாளுக்கு நீ வாடகைக்கு எடுத்துத் தந்த காரைப் பற்றித் தொலைபேசியில் மூன்று தடவை கேட்டும், “நல்லாய் இருந்தது” என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். தொலைபேசியைக் காதில் வைத்தவுடன் எனக்கு வெய்யிலையும் மழையையும் தவிர வேறு பேச்சு வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. ஆகவே ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீ கொடுத்த காசுக்குக் கணக்குக் காட்டுவதாகவும் இதை நீ எடுத்துக்கொள்ளலாம்.

சிறுவயதில் உன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த படத்தில் நின்ற அதே போர்ஷே 911தான். நிறம் மட்டும் சிவப்பல்ல, சாம்பல். கூரையை மடித்துத் திறக்கக்கூடிய வகை. இயந்திரத்தை முடுக்கும் திருகி ஸ்டியரிங்குக்கு இடப்பக்கத்தில் இருந்ததால், என் வலக்கை பழைய பழக்கத்தில் அந்த இரண்டு நாளும் வெறும் இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. முன்மூடியைத் திறந்தால் அங்கே இயந்திரம் இல்லை, பெட்டி வைக்கும் ஒரு குழி இருக்கிறது. இயந்திரமோ பின்சில்லுகளுக்கும் பின்னால் கிடக்கிறது. அந்தக் குழிக்குள் எங்கள் உடுப்புப் பை மட்டும்தான் அடங்கியது. அம்மா இரண்டு நாளுக்கென்று கட்டிய புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பின் இருக்கையில் வைத்துப் பட்டி போட்டுக் கட்டினோம். அந்த இருக்கையில் வளர்ந்த மனிதர் எவரும் இருக்க முடியாது, ஆனால் புட்டுப் பெட்டி ஒன்றுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

எவ்வளவு வேகம் ஓடினேன் என்பதுதானே உன் முதற்கேள்வி. மணிக்கு 80 கிலோமீற்றர். அதுவும் நேரான இடங்களில் மட்டும். வேகமானியில் 300ஐத் தாண்டியும் இலக்கங்கள் இருந்தன, அவற்றைப் பார்த்து மகிழ்ந்ததோடு சரி. ஊர்களுக்கு வெளியே இங்கே 80தான் எல்லை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் நீ ரொறன்ரோவுக்குப் போன பிறகு 2013இல் வந்த சட்டம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம்: 80 எல்லையுள்ள வீதியில் 140ஐத் தொட்டால் அது அபராதத்தோடு போகிற விடயமல்ல, குற்றவியல் வழக்கு, சிறைத் தண்டனை வரை போகும், காரையும் பறிமுதல் செய்யலாம். இருவரும் உள்ளே போயிருந்தால் புட்டையும் பறிமுதல் செய்திருப்பார்கள் என்றார் அம்மா.

முதல் நாள் இன்னர்ட்கிர்ஹனில் இருந்து சுஸ்டன் கணவாய்க்கு ஏறினோம். மற்றக் கணவாய்ப் பாதைகள் பலவும் கோவேறு கழுதைக்கும் குதிரை வண்டிக்கும் போட்ட தடங்களின் மேல் வளர்ந்தவை. சுஸ்டன் பாதையோ 1938இல் தொடங்கி 1946இல் திறக்கப்பட்ட, தொடக்கத்திலிருந்தே மோட்டார் வாகனத்தை மனதில் வைத்துப் போட்ட பாதை, ஆகையால் வளைவுகள் அகலமாகவும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழைந்தும் போகின்றன. கீரிமலை என்று ஊர்ப் பெயரில் மட்டும் மலையை வைத்துக்கொண்டு கோபுரத்தையும் பனைமரத்தையும் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வளைவுகளைப் பிடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. இயந்திரத்தின் பாரம் முழுவதும் பின்னால் இருப்பதால், வளைவுக்குள் போன பிறகு பிறேக்கை மிதித்தால் இந்தக் காருக்குப் பிடிக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளே போய், வளைவின் நடுவைத் தாண்டும்போது காலை மெல்ல அழுத்தினால், யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்து ஏற்றிவிடுவதுபோல் பின்சில்லுகள் நிலத்தைப் பிடித்துத் தள்ளுகின்றன. அதை மூன்றாவது வளைவில் கண்டுபிடித்தபோது நான் சிரித்தேனாம், எனக்கு நினைவில்லை.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டியிருந்தது. உச்சியில் உள்ள சிறு சுரங்கத்தைத் தாண்டி ஊரி மாநிலப் பக்கம் இறங்கும்போது ஒரு தரிப்பிடத்தில் வெளிநாட்டு இலக்கத்தகட்டோடு ஒரு பெரிய குடும்பக் கார் நின்றது. முன்சில்லுகளில் இருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருக்க, எரிந்த நாற்றம் திறந்த கூரைக்குள்ளால் எங்களுக்கும் வந்தது. முழு இறக்கத்தையும் பிறேக்கிலேயே இறங்கினால் அதன் எண்ணெய் கொதித்து, மிதிக்க மிதிக்கக் கால் உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று எனக்கு ஓட்டம் பழக்கியவர் சொன்னதை, இந்தத் தானியங்கிக் காரிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள, கியர் மாற்றும் இலைகளைத் தட்டி இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து செய்தேன். வாசன் என்ற ஊரில் வந்து சேரும்போது இருட்டும் மழையும் ஆகிவிட்டன. அங்கே நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. திரும்பி வரும்போது நிற்போம் என்று சொல்லி அண்டர்மாட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நாங்கள் ஏறிய கோட்டார்ட் கணவாயைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும்.

உனக்கு ஏழு வயது இருக்கும். லுகானோவில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு யூலை விடுமுறையில் போகும்போது, கோட்டார்ட் சுரங்கத்தின் வாயிலில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் காத்துக் கிடந்து உள்ளே போவோம். 1980இல் திறந்த, கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர் நீளமான அந்தச் சுரங்கத்தில் எதிரே வருபவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே குழாய்தான். நீ பின்னால் இருந்து விளக்குகளை எண்ணிக்கொண்டு வருவாய். ஒருமுறை எண்ணுவதை விட்டுவிட்டு, “அப்பா, இந்த மலைக்கு மேல என்ன இருக்கு?” என்று கேட்டாய். “பனிதான், வேறென்ன, மேலே போக வழியில்லை” என்றேன். அது பொய், தம்பி. சுரங்க வாயிலுக்குக் கொஞ்சம் முன்னால் கணவாய்க்குப் பிரியும் பாதையின் பலகை இருக்கிறது, அது திறந்திருப்பதாகவும் எழுதியிருந்தது, அதை நான் ஒவ்வொரு கோடையும் வாசித்துக்கொண்டுதான் போனேன். உணவகச் சமையலறையில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் லீவு. கார் 12 வருடப் பழசு, ஏற்றத்தில் தண்ணீர் கொதித்துவிட்டால் இழுத்துக்கொண்டு போக ஆகும் செலவு என் ஒரு கிழமைச் சம்பளம். இவை உண்மையான காரணங்கள்தான். ஆனாலும், தெரியாத பாதையில் நடுவில் நின்றுபோனால் யாரிடம் என்ன மொழியில் உதவி கேட்பேன் என்ற பயமும் இருந்தது, அதை உன்னிடமோ அம்மாவிடமோ அப்போது சொல்ல வெட்கப்பட்டேன்.

ஆகவே உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். 2,100 மீற்றர் உயரத்தில், உருண்டைப் பாறைகளுக்கு இடையில் சின்னச் சின்னக் குளங்கள் இருக்கின்றன. தண்ணீர் கறுப்பாய்த் தெரிகிறது, கையை வைத்தால் விறைக்கிறது. கணவாயைக் கடந்த வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய பழைய சத்திரம் ஒன்று இருக்கிறது. சுட்ட சொசேஜ் விற்கும் கடை இருக்கிறது, மோட்டார் சைக்கிள்காரர் ஒரு கூட்டம் இருக்கிறது, காற்று இருக்கிறது. பனி இருந்தது, ஆனால் வடக்குப் பார்த்த ஒரு பள்ளத்தில் ஒரு மேசை விரிப்பு அளவுக்குத்தான்.

அங்கிருந்து தெற்கே ஐரோலோவுக்கு இறங்கப் புதிய அகலப் பாதை இருந்தும், பழைய ட்றெமோலா பாதையில் இறங்கினோம். 24 கொண்டை ஊசி வளைவுகள், தார் இல்லை, கருங்கல்லை அடுக்கிப் பதித்த வீதி. கற்களின் மேல் சில்லு ஏறியவுடன் ஸ்டியரிங் குளிரில் பல்லுக் கொட்டுவதுபோல் நடுங்கத் தொடங்கியது. கார் தாழ்ந்தது, அதன் சுருள்கள் விறைப்பானவை. ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எண்ணலாம். அம்மா பிளாஸ்க்கில் இருந்து ஊற்றிய தேநீர் பாதி அவருடைய மடியில். நான் 15 கிலோமீற்றர் வேகத்தில் போனேன், ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார், போகும்போது காரைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். பாதி வழியில் நிறுத்தி மேலே பார்த்தால், கடந்து வந்த பாதை முழுவதும் தாங்குமதில்களோடு ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்த சேலைபோல் தெரிந்தது.

அடுத்து ஏறிய நூஃபனன் கணவாயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2,478 மீற்றர், முழுக்க முழுக்க சுவிஸ் மண்ணுக்குள்ளேயே கிடக்கும் கணவாய்ப் பாதைகளில் அதுதான் உயரமானது. உச்சியில் உள்ள கடையில் தேநீர் வாங்கிக் குடித்த அம்மா, சாயம் இறங்கவில்லை என்று கடைக்காரியைக் குறை சொன்னார். அந்த உயரத்தில் தண்ணீர் 92 பாகையிலேயே கொதித்துவிடும், அது அவள் குற்றமல்ல என்று நான் விளக்கினேன். நாற்பது வருடமாகத் தேநீர் போடுகிறேன், எனக்குச் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டார்.

கிளெட்ஷில் இருந்து ஃபுர்காவுக்கு ஏறும் வழியில், வளைவின் மடியில் நிற்கும் பழைய பெல்வெடேர் ஹொட்டேலைப் படங்களில் பார்த்திருப்பாய். இப்போது மூடிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ரோன் பனியாறு அதன் பக்கத்தால் கீழே பள்ளத்தாக்குவரை வந்திருந்ததைப் பழைய படங்களில் காணலாம். இன்று அது பாறைக்கு மேலே ஒதுங்கிப்போய், அடியில் ஒரு குளத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. உருகாமல் இருக்க அதன் ஓரத்தில் வெள்ளைத் துணிகளை விரித்திருக்கிறார்கள். காய்ச்சல்காரருக்குப் போர்த்தியதுபோல் இருக்கிறது என்றார் அம்மா. அதற்குப் பிறகு உச்சி வரும்வரை இருவரும் பேசவில்லை.

உச்சியைத் தாண்டி ரேயால்ப் பக்கம் இறங்கும்போதுதான் உன் காருக்குச் சோதனை வந்தது. பாதை அங்கே ஒடுங்கியது. பள்ளத்துப் பக்கம் வேலி இல்லை, இடைவெளி விட்டு நட்ட கல்தூண்கள் மட்டும். கீழிருந்து மூன்று சுரத்தில் ஒரு ஊதல் கேட்டது. மஞ்சள் போஸ்ட் பஸ். மலைத் தபால் வீதிகளில் அதற்குத்தான் முன்னுரிமை, போதாததற்கு இறங்குகிறவன் நான். பஸ் நின்றது, சாரதி சிரித்துக்கொண்டே கையால் பின்னுக்குப் போகும்படி காட்டினார். தரிப்பு இடம் எனக்குப் பின்னால் ஏறத்தாழ எண்பது அடியில் இருந்தது. அகலமான பின்பக்கத்தோடும், உன் படிப்புச் செலவைவிடக் கூடிய விலையோடும் அந்தக் காரை மேல்நோக்கிப் பின்னோக்கி எடுக்க வேண்டும். கமரா இருந்தது, திரையில் கோடுகளும் இருந்தன, ஆனால் நான் அவற்றை நம்பவில்லை. அம்மா இறங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மலைப்பக்கத்தில் நின்று “வா… வா… கொஞ்சம் வெட்டு… வா” என்று கை காட்டினார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது அன்றைக்குத்தான். பஸ் எங்களைக் கடந்தபோது அதில் இருந்த பயணிகள் கை தட்டினார்கள். அம்மாவுக்குத்தான்.

மாலை நான்கு மணிக்கு வாசனுக்கு வந்தோம். 1986இல் நான் இந்த நாட்டுக்குள் தெற்கிலிருந்து ரயிலில் வந்தபோது, நீண்ட இருட்டுக்குப் பிறகு ஜன்னலுக்குக் கீழே, குன்றின் மேல் ஒரு வெள்ளைத் தேவாலயம் தெரிந்தது. இன்னொரு இருட்டு, பிறகு அதே தேவாலயம் பக்கத்தில் தெரிந்தது. மறுபடியும் இருட்டு, இப்போது அது தலைக்கு மேலே நின்றது. செங்குத்தை இறங்குவதற்காகத் தண்டவாளம் மலைக்குள் சுழன்று வருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ரயில் சுற்றிச் சுற்றி எங்களைத் திருப்பி எல்லைக்கே கொண்டுபோகிறது என்று நினைத்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தக் கதையை அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், உனக்குச் சொன்னேனா தெரியவில்லை.

காரைக் கீழே நிறுத்திவிட்டு அந்தத் தேவாலயத்துக்கு நடந்து ஏறினோம். அம்மா உள்ளே போய் மெழுகுதிரி ஏற்றினார். பிறகு கல்லறைத் தோட்டத்து மதிலில் இருந்து மிச்சப் புட்டைச் சாப்பிட்டோம். விரைவு ரயில்கள் பெரும்பாலும் 2016இல் திறந்த 57 கிலோமீற்றர் அடிச்சுரங்கத்தால் போய்விடுவதால், இந்தப் பழைய பாதையில் ஒரு ரயில் வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். செம்பு நிற ரயில் ஒன்று வடக்கிலிருந்து எங்களுக்குக் கீழே வந்து மலைக்குள் மறைந்தது. சில நிமிடங்களில் நடுத்தட்டில் வெளிப்பட்டு எதிர்த்திசையில் போனது. மூன்றாவது தடவை எங்களுக்கு மேலே போகும்போது அம்மா எழுந்து நின்று கை அசைத்தார். ஜன்னலோரம் இருந்த ஒரு பையன் திருப்பி அசைத்ததாகச் சொல்கிறார், எனக்கு அவ்வளவு தூரம் கண் தெரியவில்லை.

காரை மறுநாள் காலை ஒரு கீறலும் இல்லாமல் ஒப்படைத்தேன். பின் இருக்கையில் தேங்காய்ப்பூக் கொஞ்சம் கொட்டியிருந்ததை அம்மா ஊசியால் குத்திக் குத்தி எடுத்தார்.

அன்புடன்,
அப்பா.