முட்டில்லாத கூரைக்கு அடியில் ஏன் போனார்?

நிலக்கரிச் சுரங்கங்களில் மேலாளர்களாகவும் பாதுகாப்பு அதிகாரிகளாகவும் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஜார்கண்ட் பக்கம் நிலத்தடிச் சுரங்கத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் சர்தாராக இருந்து, அதற்கு மேல்படியான ஓவர்மேனாக ஓய்வுபெற்றவன் நான். கிண்டியில் சுரங்கப் பொறியியல் முடித்துவிட்டு அங்கே வந்த தம்பிகள் சிலரோடு ஷிப்ட் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விபத்துக்குப் பிறகு நீங்கள் எழுதும் அறிக்கையைப் பற்றித்தான் பேச்சு. விழுந்த கல்லின் நீளம், அகலம், கனம், எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்று எல்லாவற்றையும் சுத்தமாக அளந்து எழுதுவீர்கள். கடைசியில், முட்டுக் கொடுக்காத கூரைக்கு அடியில் அவர் போனதே காரணம் என்று ஒரு வரி. அதோடு கோப்பு மூடிவிடும். அந்த வரி பொய் இல்லை. போனார்தான். ஏன் போனார்?

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தடியில் வெடி வைத்து நிலக்கரியை அள்ளியதும் முன்னால் புதிதாக ஒரு துண்டுக் கூரை திறந்து நிற்கும். தொங்குகிற கல்லைக் கடப்பாரையால் தட்டி இறக்கி, தற்காலிக முட்டு நிறுத்தி, கூரைப் பாறையைப் பிடித்து நிறுத்தும் இரும்பு போல்ட் அடித்து முடிக்கும்வரை அதன் கீழே வேறு வேலையாக யாரும் போகக் கூடாது. கூரை கெட்டியா என்று தடியால் தட்டிப் பார்ப்போம். சந்தையில் மண்பானை வாங்குவது மாதிரிதான். நல்ல பாறை கணீர் என்னும். மேலே பிரிந்து நிற்கிற பாறை பொத்தென்று கேட்கும். இருபது வருடம் உள்ளே இருந்தவர் காதுக்கு அது தப்பாது.

அப்படிக் காதுள்ள ஒருவர் என் ஷிப்டில் இருந்தார். ராத்திரி ஷிப்ட், விடியற்காலை நாலு மணி இருக்கும். கடைசி வரிசை போல்ட்டைத் தாண்டி நாலு எட்டில் துளை போடும் கம்பி ஒன்று கிடந்தது. தடி கையிலேயே இருந்தது. தட்டவில்லை. குனிந்து போனார், எடுத்தார், வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு எதுவும் விழவில்லை. சிக்கலே அதுதான். விழாத ஒவ்வொரு தடவையும் மனசு ஒரு பாடம் படிக்கிறது; பயிற்சி மையத்தில் நீங்கள் நடத்தும் பாடத்தைவிட அது ஆழமாக இறங்குகிறது. பழகப் பழகப் பாலும் புளிக்குமென்றால் பயம் மட்டும் புளிக்காதா? மேலதிகாரி நானே சிரித்துவிட்டேன், அப்புறம் என்ன தடை? பக்கத்தில் நின்று பார்த்த புதுப் பையனுக்கும் சேர்த்துத்தான் அந்த அனுமதி.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், கைதவறுவதையும் தெரிந்தே விதியை மீறுவதையும் வேறு வேறாகப் பிரித்தார். முன்னது கவனம் சிதறுவதால் வருவது. பின்னது சுற்றியிருப்பவர்கள் எதைப் பார்த்தும் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. "கவனமாக இரு" போஸ்டர் முன்னதற்கே அரை மருந்து.

நூற்றுக்கு 88 விபத்துக்குத் தொழிலாளியின் செயல்தான் காரணம் என்று பாதுகாப்பு வாரத்தில் மைக்கில் நானும் சொல்லியிருக்கிறேன். அது 1931-ல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் எழுதியது. அவர் காப்பீட்டு நிறுவன ஊழியர். 75,000 விபத்துகளைப் பார்த்தார், சரி. ஆனால் அவர் கையில் இருந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் முதலாளிகள் வைத்திருந்த பதிவுகளும். அதைக் கூட்டினால் வேறு என்ன விடை வரும்?

நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று வெடிப்பு. 29 பேர் போய்விட்டார்கள். மீத்தேன் கூடினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய கருவிகளைத் தொழிலாளர்களே முடக்கிவைத்தது அரச விசாரணையில் வெளியே வந்தது. அந்த ஆணையம் அங்கேயே நின்றுவிடவில்லை. கடைசி 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை எழுதியிருந்ததையும், அவற்றை நிர்வாகம் கவனிக்காமல் விட்டதையும், உற்பத்தி அவசரத்தையும் தோண்டி எடுத்தது. எழுதிக் கொடுத்தும் ஒன்றும் மாறாத இடத்தில், வேலையை அடிக்கடி நிறுத்துகிற கருவி எரிச்சல் பிடித்த சாமானாகத்தான் தெரியும்.

ஒப்பந்தத் தொழிலாளியின் கதை இன்னும் மோசம். "இடம் சரியில்லை, போகமாட்டேன்" என்று இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு கேட்டில் அவர் பெயர் இருக்குமா என்பது நிச்சயமில்லை. பாறை ஒருவேளை விழலாம். ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி மாதம் தவறாமல் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதற்கு அசட்டுத் துணிச்சல் என்று பேர் வைக்கிறார்கள். சுரங்க வாசல் காளி கோயிலில் கும்பிட்டு இறங்குவதைக் கேலி செய்கிற இளம் அதிகாரிகளும் உண்டு. நானும் கும்பிட்டுத்தான் இறங்கினேன். இறங்கிப் போய்க் கூரையையும் தட்டினேன்.

அடுத்த விசாரணையில் இதையும் கேளுங்கள். போன வாரம் இதே மாதிரி எத்தனை பேர் போனார்கள்? யார் பார்த்தார்கள்? அந்த ஷிப்டுக்கு எத்தனை டன் கேட்டிருந்தீர்கள்? உண்மையைச் சொன்னால் மெமோ கிடையாது என்று முதலில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கம்பியை எடுத்தவர் ஓய்வுபெற்று ஊரில் நன்றாக இருக்கிறார். பக்கத்தில் நின்ற பையனுக்குத்தான் ஒன்றரை வருடம் கழித்து, அதே மாதிரி ஒரு கூரையின் கீழே, கால் போனது. விசாரணையில் என்னிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். நான் சிரித்த கதையை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்மேன் ஒருவன்