ஒளிராத குழி தூய நீருக்குச் சாட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்ணீரில் கலந்திருக்கும் ஆன்டிபயாடிக் எச்சங்களை மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு கண்டறிவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால், ‘ஒளிர்ந்தால் மாசு, ஒளிராவிட்டால் பாதுகாப்பான நீர்’ என்று அதில் எழுதியிருப்பது தவறு. கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைக்கும்போது, அதைச் செப்பனிடும் மரபணுக்களை அந்த பாக்டீரியா முடுக்கிவிடுகிறது. கடல் பாக்டீரியாவின் ஒளிரும் மரபணுக்களை அந்த மரபணுக்களை முடுக்கிவிடும் டிஎன்ஏ பகுதியோடு இணைத்துவிட்டால் மருந்து பட்டதும் செல் ஒளிரும். ஆனால், ஒளிர்வதற்குச் செல் உயிரோடு இருக்க வேண்டும். 96 சிறு குழிகள் கொண்ட ஆய்வகத் தட்டில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து மாணவர்களோடு இதைச் சோதித்தபோது, இருட்டறையில் நடுக்குழிகள் சில மட்டுமே நீலப்பச்சையாக ஒளிர்ந்தன. மருந்தே இல்லாத கடைசிக் குழியும், மருந்து மிகுந்து பாக்டீரியா செத்துப்போன முதல் குழியும் ஒரே மாதிரி இருண்டு கிடந்தன.

ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மருந்து உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். அந்த நீரை அப்படியே ஊற்றினால் மருந்தை உணர்ந்து ஒளிர வேண்டிய பாக்டீரியா மடிந்துபோகும், தட்டு இருளும், ‘நல்ல நீர்’ என்று முடிவும் எழுதப்பட்டுவிடும்.

ஆன்டிபயாடிக் எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் இத்தகைய மலிவான சோதனைகளைத்தான் ஓடைக்கரை மக்கள் நம்ப வேண்டியிருக்கும் என்பதால், தவறான விளக்கம் அவர்களையே நேராகப் பாதிக்கும்.

ஆகவே, எந்த நீரையும் அப்படியே ஒரு முறையும், பத்து, நூறு, ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தும் சோதிக்க வேண்டும் என்பதையும், எப்போதும் ஒளிரும் இன்னொரு பாக்டீரியாவை அதே நீரில் பக்கத்துக் குழியில் விட்டு அது மங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் அடுத்த இதழில் திருத்தமாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் பேராசிரியை,
மதுரை.