ஆக்சிஜன் வருவது தண்ணீரிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் ஒளிச்சேர்க்கை பற்றி வந்த குறிப்பில், 'தாவரங்கள் கரியமில வாயுவை உடைத்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன' என்றிருந்தது. உடைபடுவது கரியமில வாயு அல்ல, தண்ணீர்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் சுருக்கி எழுதும் சமன்பாடு. 6 கரியமில வாயுவும் 6 தண்ணீரும் சேர்ந்து 1 குளுக்கோஸும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளும் தருவதாக எழுதுகிறோம். 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 12 அணுக்கள் வேண்டும்; 6 தண்ணீரில் இருப்பதோ ஆறே ஆறு. மீதிக்கு மாணவர் கரியமில வாயுவைத்தானே கைகாட்டுவார்? உண்மையில் உள்ளே போவது 12 தண்ணீர். வினையின் போக்கில் 6 தண்ணீர் புதிதாக உருவாகிறது. இரு பக்கமும் ஆறைக் கழித்துவிடுவதால் கணக்கு நேராகிறது, விஷயம் தொலைந்துபோகிறது.

மறுபாதிக் காரணம் வகுப்பறைச் சோதனை. வெயிலில் வைத்த ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்திலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் வரும். கொதிக்கவைத்துக் கரியமில வாயுவைப் போக்கி, மூடி ஆறவைத்த நீருக்கு மாற்றினால் குமிழ் குறையும். கரியமில வாயு தரும் சோடியம் பைகார்பனேட்டை ஒரு சிட்டிகை போட்டால் மறுபடி வரும். 'பார்த்தீர்களா, ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்துதான்' என்று முடித்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான்: இலைச் செல்லின் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தின் உள்ளே, தைலகாய்டு என்ற சவ்வில் ஒளியால் தண்ணீர் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியேற, எலக்ட்ரான்கள் பல கை மாறி, அவற்றைச் சுமக்கும் வண்டி போன்ற என்.ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் ஏறுகின்றன. அது என்.ஏ.டி.பி.எச். ஆகிறது. சவ்வுக்கு வெளியே, பசுங்கணிகத்தை நிறைத்திருக்கும் ஸ்ட்ரோமா என்ற திரவத்தில் அதைச் செலவழித்துத்தான் கரியமில வாயு சர்க்கரையாக மாறுகிறது. கரியமில வாயு இல்லையென்றால் சரக்கு இறங்காது; இறங்காத வண்டியில் புதிதாக ஏற்ற முடியாது. எலக்ட்ரான் ஓட்டம் தேங்கி, தண்ணீர் பிளப்பதும் மட்டுப்படுகிறது.

1937இல் ராபர்ட் ஹில் என்ற விஞ்ஞானி, இலையிலிருந்து பிரித்த பசுங்கணிகங்களுக்கு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஓர் இரும்பு உப்பைக் கொடுத்தார். கரியமில வாயு சர்க்கரையாகாமலேயே ஆக்சிஜன் வந்தது. 1941இல் ரூபன், கேமன் குழுவினர் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகை கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்தபோது, வெளிவந்த வாயுவிலும் அதே கன ஆக்சிஜன் இருந்தது.

தங்கள் குறிப்பில் 'இருள்வினை இரவில் நடைபெறும்' என்ற வரியும் தவறு. கரியமில வாயு சர்க்கரையாகும் கட்டத்தைத்தான் இருள்வினை என்கிறார்கள். ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு, ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. 3உம் 2 என்.ஏ.டி.பி.எச்.சும் செலவாகும், பசுங்கணிகத்துக்கு இவை கிடைப்பது தண்ணீர் பிளக்கும் ஒளிவினையிலிருந்து. தவிர, ஒளி பட்டால்தான் ஸ்ட்ரோமாவின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7இலிருந்து 8 வரை ஏறி நொதிகள் முழுவேகம் பிடிக்கும். இரவில் இலைத்துளை திறக்கும் கள்ளிகூட கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, சர்க்கரையாக்குவது பகலில்தான்.

திருத்தம் வெளியிடும்போது சமன்பாட்டை 12 தண்ணீரோடு அச்சிடுங்கள். 'இருள்வினை' என்ற பெயரை விட்டுவிட்டு, 'கால்வின் சுழற்சி' என்றே போடலாம்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்