பின்வளவுப் பாலை

முத்தையன்கட்டு
ஆடி மாதம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் உளைவு முன்னரைவிடப் பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மேட்டுக் காணியில் கச்சான் பூத்துவிட்டது. போன கிழமை யானை ஒன்று கிழக்கு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, தென்னம்பிள்ளைகள் இரண்டைக் குருத்தோடு இழுத்துவிட்டுப் போனது. நீ அனுப்பிய காசில் கிணற்றுக்கட்டுப் பூசி முடிந்தது. படம் அனுப்பச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். பார்த்தாயா என்று தெரியவில்லை. நீ எதுவும் சொல்லவில்லை.

இதை அக்காவின் மகள் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். தொலைபேசியில் கதைத்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து இன்றைக்கு 19 நாள். நீ என்னோடு கடைசியாகக் கதைத்து 12 நாள். அக்காவோடு கதைக்கிறாய், அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்புகிறாய், பிள்ளை கொட்டாவி விடுகிற படம் எல்லோருக்கும் வருகிறது. வேலை கூட என்று அக்கா சொல்கிறாள். இருக்கலாம். இரவு வேலையும் செய்து, மருமகளுக்குச் சமைத்தும் கொடுக்கிறாயாம். அதைக் கேட்டு அம்மா அயலெல்லாம் சொல்லித் திரிகிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் இரண்டு நிமிடம் எடுக்க முடியாத வேலை எது மகனே?

பிள்ளைக்கு நீ சொன்ன பெயரைப் பற்றி நான் அன்று கேட்டது பிழையென்றால் சொல். “பாலையா? அதுவும் ஒரு பெயரா?” என்றுதான் கேட்டேன். எந்தத் தகப்பனும் கேட்டிருப்பான். நீ “சரி அப்பா” என்றாய். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

என் பக்கத்தையும் கேள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனில்லை நான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன்மை கெட்டால் அது பாலை. பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. வாத்தியார் பிரம்போடு நின்று படிப்பித்தது இன்னும் மறக்கவில்லை. முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்றுக்குப் பாலை என்று பெயர் வைத்தால் படித்தவர்கள் என்ன நினைப்பார்கள்? நாங்கள் பிரிந்தது போதாதா, பிரிவைப் பேத்திக்குப் பெயராகவும் வைக்க வேண்டுமா? இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு.

சாத்திரியாரிடமும் போனேன். அம்மாவுக்குத் தெரியாது. பிள்ளை உத்தரம் மூன்றாம் பாதம், அதற்கு எழுத்து ‘ப’. “எழுத்துப் பொருந்துகிறதே, பிறகேன் வந்தீர்?” என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

புதுப்பெயர் என்றால் எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. இங்கே இப்போது வைக்கிற பெயர்களைக் கேட்டால் உனக்குத் தலை சுற்றும். தகப்பன் பெயரில் முன்னெழுத்து, தாய் பெயரில் கடைசியெழுத்து, நடுவில் ஒரு ‘ஷ’, எண்சாத்திரக்காரர் சொன்னபடி ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு எழுத்து. பொருள் கேட்டால் தாய்க்கும் தெரியாது. அதைவிடப் பாலை எவ்வளவோ மேல், ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய பெயரையே பார். எனக்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போக, புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பெற்று நாகராசா என்று வைத்தார் உன் அப்பாச்சி. என்னோடு படித்தவர்களில் பிச்சை இருந்தான், நேர்த்திக்குப் பிறந்த நாகேஸ்வரிகள் மூன்று பேர் இருந்தார்கள். பெயர் என்பது அப்போது ஒரு காவல். அழகு பார்த்து வைக்கவில்லை, பிள்ளை தங்க வேண்டும் என்று வைத்தார்கள்.

அந்த நாகராசாதான் இப்போது ஜெர்மனியில் உன் குடும்பப் பெயர். நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் ஒரு முன்னெழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் போய்விடும். அங்கே அது போகாது, பேத்தியின் பின்னாலும் வரும் என்று அக்கா சொன்னாள். பாலை நாகராசா. எழுதிப் பார்த்தேன். கடைசிப் பெயர் எப்படியும் என்னுடையது, முதற்பெயரிலாவது எனக்கு ஒரு சொல் இருக்கக் கூடாதா என்று தோன்றியது. அது பிழையான எண்ணம். ஆனாலும் தோன்றியது.

அங்குள்ள சட்டத்தையும் அக்காவிடம் கேட்டு வாசிப்பித்தேன். பிறந்து ஒரு மாதத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். தாய் தகப்பன் விரும்பிய பெயரை வைக்கலாம், பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று கண்டால்தான் பதிவாளர் மறுப்பாராம். அறியாத பெயரென்றால், வீஸ்பாடனில் இருக்கிற ஜெர்மன் மொழிச் சங்கத்தில் அது பெயர்தான் என்று சான்று எடுத்துக் கொடுக்கலாமாம். கிரண் என்ற நம் பக்கத்துப் பெயரை ஒரு பெண்பிள்ளைக்கு வைத்தபோது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று பதிவாளர் மறுக்க, வழக்கு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2008 இல் பெற்றோர் பக்கம் தீர்ந்ததாம். டென்மார்க்கில் சித்தப்பாவுக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். அரசாங்கப் பட்டியலில் இல்லாத பெயரென்று விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார். ஆகவே தாமதிக்காதே. சான்று தேவையென்றால் இப்போதே எழுதிக் கேள். ஒரு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

நீ இன்னும் பதியவில்லை என்று அக்கா நேற்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். என் வாயில் இருந்து ஒரு சொல் வரும் என்று காத்திருக்கிறாயா? இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

நீ முன்னரும் ஒரு தடவை “சரி அப்பா” என்றாய். 2009 இல் போர் முடிகிற நேரம், இராணுவம் பெயர் பதிந்த அந்த மேசைக்கு முன்னால்.

உனக்கு அப்போது 11 வயது. ஈழமாறன் என்று நானும் அம்மாவும் சேர்ந்து வைத்த பெயர். யாரை நினைத்து வைத்தோம் என்பது உனக்குத் தெரியும். தூய தமிழ்ப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் முழுவதாகச் சொல்லிக் கூப்பிட, நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவாய். மேசையில் இருந்தவர் பிள்ளையின் பெயரென்ன என்று கேட்டார். நான் மாறன் என்றேன். நீ என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எழுதி முடித்த பிறகு குனிந்து, “இனி உன் பெயர் இதுதான்” என்றேன். “சரி அப்பா” என்றாய். அடுத்த மேசையில் உன்னையே கேட்டார்கள். நீயே மாறன் என்றாய். நான் சொல்லிக்கூடத் தரவில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பையோடு தொலைந்துவிட்டது என்று உங்கள் எல்லோருக்கும் சொன்னேன். தொலையவில்லை. நாங்கள் நந்திக்கடலில் இறங்கிய அன்று அது என் மடியில் இருந்தது. பொலித்தீன் பையில் நாலாக மடித்து வைத்திருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீ அம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, எடுத்துக் கிழித்தேன். நனைந்த கடதாசி சத்தம் இல்லாமல் கிழிந்தது. அக்காவின் பத்திரத்தைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டேன். அவளுடைய பெயரில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. முகாமில் இருந்து வந்த பிறகு அலைந்து திரிந்து உன் பிறப்புப் பதிவில் பெயரைத் திருத்தியதும் நான்தான், எவரும் கேட்கவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. நான் பயந்துபோனேன் என்பது மீதி. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். விமான நிலையத்தில்கூடச் சொல்லவில்லை.

அம்மா அன்றைக்குப் பிறகு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தம்பி, தம்பி என்றுதான். நீ கவனித்திருப்பாய்.

நேற்று அக்கா உன் குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். “நான் நிலத்தை நினைக்கவில்லை அக்கா, பின்வளவு மரத்தைத்தான் நினைத்தேன்” என்று சொல்லியிருக்கிறாய். கேட்டுவிட்டுப் பின்வளவில் நிற்கிற பாலை மரத்தடிக்குப் போனேன். இப்போது பழக்காலம் முடிகிற நேரம். கடைசிப் பழங்கள், மஞ்சளாய், கச்சான் பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாய், நிலமெல்லாம் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அந்தப் பால் உதட்டில் ஒட்டியது. நீ சின்னவனாக இருக்கும்போது வாய் நிறையத் தின்றுவிட்டு உதடு ஒட்டி அழ, அம்மா தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுவாள்.

உன் பயணக் காசுக்காக அந்த மரத்தை விற்கப் பார்த்தேன். அதுவும் உனக்குத் தெரியாது. மரக்காரர் வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே இரும்புத் துண்டுகள் இருக்கின்றன, வாள் உடைந்துவிடும் என்று சொல்லிப் போய்விட்டார். அதனால் நிற்கிறது. நெஞ்சுயரத்தில் காயம் இருந்த இடத்தில் பட்டை இரண்டு பக்கமும் உருண்டு வந்து, நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளிதான் இப்போது இருக்கிறது.

31 ஆம் நாள் துடக்குக் கழிவு. நான் எண்ணிப் பார்த்தேன், நீ பெயர் பதிய வேண்டிய நாளும் அதோடு ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன்னமே போய்ப் பதிந்துவிடு. 31 ஆம் நாள் காலையில் எங்களுக்கு அழைப்பு எடு. வெள்ளி என்றாலும் சனி என்றாலும் பரவாயில்லை, வயலுக்குப் போகமாட்டேன். பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லும்போது தொலைபேசியைக் கிட்டப் பிடி. மருமகள் சம்மதித்தால் நானும் ஒரு தடவை சொல்கிறேன். பின்வளவில் நின்று சொல்லிப் பார்த்தேன். கூப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. பாலை, இங்கே வா அம்மா என்று.

குளிர் தொடங்க முன் பிள்ளைக்குக் காதை மூடுகிற தொப்பி வாங்கு. தாய்க்குச் சரக்கு அரைத்து அம்மா பொதி செய்து வைத்திருக்கிறாள், கொழும்பில் இருந்து வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். பெயர் பதியப் போகும்போது உன் கடவுச்சீட்டையும் கல்யாணப் பதிவையும் மறக்காமல் கொண்டு போ. தாமதிக்காதே.

ஈழமாறன், இதை வாசித்தால் ஒரு சொல் எழுது.

இப்படிக்கு,
அப்பா